ஈக்வலைசருக்கு நான் போட்ட துணி

எனக்குக் காது ரொம்பக் கூர்மைன்னு இராஜபாளையத்துல எங்க வட்டாரத்துல ஒரு பேரு உண்டு. அந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு கேட்டா, நானே பத்துப் பேருகிட்டச் சொல்லிச் சொல்லி வந்ததுதான். கல்யாண வீட்டுக்குப் போனா எல்லாரும் சாப்பாட்டைப் பத்திப் பேசுவாங்க, நான் மைக்செட்டைப் பத்திப் பேசுவேன். "என்னய்யா இது, பானைக்குள்ள தலையை விட்டுக்கிட்டுப் பாடுற மாதிரி இருக்கு"ன்னு பந்தியில உக்காந்து சத்தமாச் சொல்லுவேன். பக்கத்து இலைக்காரங்க சிரிப்பாங்க. மைக்செட்டுக்காரன் காதுலயும் விழும். விழட்டும்னுதான் சொல்றது.

தொழில் பேண்டேஜ் துணி. வீட்டுக்குப் பின்னாடி ஷெட்டு, அதுல பன்னெண்டு தறி. புண்ணுக்கு வச்சுக் கட்டுற, சல்லடை மாதிரி இருக்கிற காஸ் துணிதான் அதிகமா ஓடும். பொறந்ததுல இருந்து தறிச் சத்தத்துக்குள்ளயே கிடந்தவனுக்கு எப்படிய்யா காது கூர்மையா இருக்கும்னு ஒருத்தராவது கேட்டிருக்கணும். யாரும் கேக்கல. நானும் கேட்டுக்கல.

ஞாயித்துக்கிழமை தறி ஓடாது. காலையில சர்ச்சுக்குப் போயிட்டு வந்து, சாப்பிட்டு, மூணு மணிக்கு மேல எங்க ஹால்ல பாட்டுக் கச்சேரி. வெளிநாட்டுல வேலை பாத்துட்டுத் திரும்பின ஒருத்தர்கிட்ட வாங்கின பழைய ஜப்பான் ஆம்பிளிஃபயர், அது மேல ஒரு ஈக்வலைசர், ஆளு இடுப்பு உயரத்துக்கு ரெண்டு ஸ்பீக்கர். கேக்க மூணு நாலு பேரு வருவாங்க. அதுல ஒருத்தர் மில்லுல ஃபோர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவரு. அவரும் என்னைய மாதிரி சபைக் கமிட்டியில இருக்காரு. அவரைப் பத்திப் பொறவு வரும், அதனாலதான் சொல்றேன்.

ஈக்வலைசர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. பாட்டுல அடிவயித்துல இடிக்கிற சத்தத்துல இருந்து சலங்கைச் சத்தம் வரைக்கும் இருக்குல்ல, அதைப் பத்துப் பங்காப் பிரிச்சு, பங்குக்கு ஒரு குச்சி வச்சிருப்பான். இடது கோடியில டிரம், வலது கோடியில ஜால்ரா, நடுவுல மனுஷக் குரல். குச்சியை மேல தள்ளினா அந்தப் பங்கு கூடும், கீழ இழுத்தாக் குறையும். எங்க ஹால் கிரானைட் தரை, சுத்தி வெறுஞ்சுவர், ஸ்பீக்கர் ரெண்டும் மூலையில. மூலையில வச்சா அடிச்சத்தம் வீங்கிப்போயி, பாடுறவங்க குரலை அமுக்கிரும். ஸ்பீக்கரை ரெண்டடி முன்னாடி இழுத்தாலே பாதி சரியாயிரும். ஆனா அங்க சோபா கிடக்கு. சோபாவை நகட்ட எம்பொண்டாட்டி விடமாட்டா. அதனால 125, 250ன்னு போட்டிருக்கிற குச்சி ரெண்டையும் கீழ இறக்கித்தான் சரிக்கட்டி வச்சிருந்தேன். ஹாலுக்கு அது மருந்து மாதிரி.

போன வருஷம் அந்த ஈக்வலைசர்ல குச்சியைத் தொட்டாலே கரகரன்னு இரைச்சல் வர ஆரம்பிச்சுது. விசாரிச்சதுல ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு தம்பியைச் சொன்னாங்க. நாப்பது வயசிருக்கும். ஒத்தை ரூம் கடை. பாதியில அவரு ரிப்பேர், பாதியில அவரு சம்சாரம் தையல் மெஷின். நான் போன அன்னைக்கு அவரு ஒரு பழைய ரேடியோவைத் திறந்து வச்சுக்கிட்டு, மூச்சு விட்டாலும் அதுக்கு வலிச்சிரும்ங்கிற மாதிரி குனிஞ்சு பாத்துக்கிட்டிருந்தாரு. எனக்குப் பிடிச்சுப்போச்சு.

ஒரு வாரம் கழிச்சு ஈக்வலைசரைத் துண்டுல சுத்தி, மடியில வச்சுக்கிட்டு டவுன் பஸ்ல வந்து இறங்கினாரு. "ஆட்டோ பிடிச்சிருக்கலாமே தம்பி"ன்னேன். "ஆட்டோ குதிக்கும் அண்ணாச்சி"ன்னாரு. மாட்டிப் பாட்டுப் போட்டா, அடடா, வீட்டைக் கழுவி விட்ட மாதிரி இருந்துச்சு. போறப்ப ரெண்டு விஷயம் சொல்லிட்டுப் போனாரு. ஒண்ணு: "உள்ள பூராம் பஞ்சு அண்ணாச்சி. தறிக்குப் பக்கத்துல இருக்குல்ல, மூடி வையுங்க." ரெண்டாவது: "இல்லாததை ஏத்தாதீங்க, இருக்கிறதைக் குறைங்க. குரல் கேக்கலைன்னா குரலை ஏத்தக்கூடாது, குரலை அமுக்குறது எதுன்னு பாத்து அதை இறக்கணும்." நல்ல புத்தி. ஆனா எனக்கு எவனாவது புத்தி சொன்னா அந்த நிமிஷமே மூக்கு மேல கோவம் வந்திரும். எனக்கேவான்னு இருந்துச்சு.

மூடி வைக்கிற விஷயத்துல மட்டும் கேட்டேன். எம்பொண்டாட்டி பழைய போர்வை ஒண்ணைக் கத்தரிச்சுத் தச்சுத் தாரேன்னா. "போடி கூறுகெட்டவளே, போர்வையைப் போட்டா சூடு வெளிய போகுமா? தூசி உள்ள வரக்கூடாது, காத்து வெளிய போகணும். நம்ம துணியை விட்டா உலகத்துலயே வேற துணி கிடையாது"ன்னு சொல்லி, எங்க தறியில ஓடின காஸ் துணியையே நாலு மடிப்பா மடிச்சு, ஆம்பிளிஃபயரும் ஈக்வலைசரும் சேந்து மூடுற மாதிரி உறை தைக்கச் சொன்னேன். தினமும் சாயங்காலம் அதை முன்பக்கமாப் பிடிச்சு, நாடகத் திரையைத் தூக்குற மாதிரி ஒரே இழுப்புல மேல இழுத்து எடுப்பேன். வாறவங்க பாக்கணும்ல.

அதே சமயத்துல எங்க சர்ச்சுல புது மைக், ஸ்பீக்கர் எல்லாம் வைக்கணும்னு கமிட்டியில முடிவாச்சு. தம்பிக்கு நான்தான் சொல்லிவிட்டேன். வந்து நாலு நாள் கூலி இல்லாம வேலை பாத்தாரு. ஒவ்வொரு பெஞ்சாப் போயி நின்னு கையைத் தட்டுவாரு, காதைக் குடுத்துக் கேப்பாரு, நோட்டுல குறிப்பாரு. எந்தத் தூண்கிட்ட எதிரொலிக்குது, எங்க போதகர் பேசுறது விளங்கலைன்னு படம் போட்டு வச்சாரு. "இதுவரைக்கும் ரேடியோ, மிக்ஸின்னே போயிருச்சு அண்ணாச்சி. இந்த ஒரு சர்ச் கிடைச்சிட்டா வன்னியம்பட்டி சர்ச்சுலயும் செய்யச் சொல்லுவாங்க. நாலு இடம் செஞ்சுட்டா நானும் சவுண்டு ஆளுன்னு நிப்பேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்"னாரு. "நானிருக்கேன்ல, விடுங்க"ன்னேன். மதுரையில இருந்து ஒரு கம்பெனியும் கேட்டிருந்துச்சு. ஆனா எங்க ஆளுகளுக்குத் தம்பி மேலதான் மனசு இருந்துச்சு.

இது நடந்து ரெண்டு வாரம் இருக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை பாட்டுப் போட்டா பழையபடி அடிச்சத்தம் வீங்கிக்கிட்டு வருது. 250 குச்சியை இறக்கினேன். சரியாகல. இன்னும் இறக்கினேன். குரல் குச்சியை ஏத்தினேன். ஜால்ராக் குச்சியைக் கூரை வரைக்கும் ஏத்தினேன். ஈக்வலைசர்ல பச்சையும் சிவப்புமா லைட்டு பாட்டுக்கு ஏத்தாப்புல ஆடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அரை மணி நேரம் தள்ளித் தள்ளிப் பாத்துட்டுத் திரும்பி, "இப்பப் பாருங்க, குரல் முன்னாடி வந்து நிக்குதா?"ன்னு கேட்டேன். ஃபோர்மேன் கண்ணை மூடிக்கிட்டு, "ஆகா, இப்பத்தான் வந்துச்சு"ன்னாரு. மத்த ரெண்டு பேரும் தலையை ஆட்டினாங்க. சத்தியமாச் சொல்றேன், எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சு.

காப்பி கொண்டுவந்த எம்பொண்டாட்டி மட்டும், "நீங்க நகட்டுனதுல எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலையே"ன்னா. "உன் காது குக்கர் விசிலுக்குத்தான் லாயக்கு, உள்ள போ"ன்னேன். எல்லாரும் சிரிச்சோம். அவ டிரேயை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. அஞ்சு பேருல உண்மை பேசினது அவ ஒருத்திதான். அவளைத்தான் விரட்டினேன்.

குரல் வந்துச்சுன்னு வாய் சொல்லுச்சே தவிர, வீக்கம் போகல. எத்தனை நாள் ஏமாத்த முடியும்? அப்ப ஃபோர்மேன்தான் எடுத்துக்குடுத்தாரு: "உள்ள இருந்த ஒரிஜினல் சாமானை உருவிட்டு டூப்ளிகேட்டைப் போட்டிருப்பானோ?" பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆச்சு எனக்கு. குத்தம் சொல்ல ஒரு ஆளு கிடைச்சிட்டாரே. அங்கயே போனைப் போட்டு, "தம்பி, அடுத்த ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு வாங்க. நீங்க செஞ்ச வேலையின் லட்சணத்தை வந்து பாருங்க"ன்னேன். தனியா வரச் சொல்லியிருக்கலாம். இல்ல, நாலு பேரு இருக்கும்போது வரணும்னுதான் நேரம் பாத்துச் சொன்னேன்.

வந்தாரு. நாங்க நாலு பேரும் சோபாவுல வரிசையா உக்காந்திருந்தோம். அவரை உக்காரச் சொல்லல. நான் எழுந்திரிச்சு, உறையை ஒரே இழுப்புல இழுத்து எடுத்துட்டுப் பாட்டைப் போட்டேன். "கேளுங்க"ன்னேன். பத்து விநாடிகூடக் கேட்டிருக்கமாட்டாரு. குனிஞ்சு ஆம்பிளிஃபயரைப் பாத்தாரு. என் கையில தொங்கின துணியைப் பாத்தாரு.

"அண்ணாச்சி, உறையை எப்பவும் இப்படித்தான் எடுப்பியளா?"

"ஏன், அதுல என்ன?"

"சும்மாதான் கேட்டேன்."

பாட்டை நிறுத்தச் சொல்லிட்டு, ஈக்வலைசர் குச்சி பத்தையும் நடுவுக்குக் கொண்டுவந்து வச்சாரு. ஆம்பிளிஃபயர் முன்னால ஒரு நிமிஷம் அவரு முதுகு மறைச்சுது. பொறவு ஈக்வலைசர் மூடியைத் திறந்தாரு, ஈயம் பத்த வைக்கிற சால்டரிங் அயனைச் சூடு பண்ணினாரு, ஏதோ ஒரு இடத்துல தொட்டாரு, ஒரு நூல் புகை வந்துச்சு, மூடினாரு. 125, 250 ரெண்டையும் லேசா இறக்கிட்டுப் பாட்டைப் போட்டாரு. கண்ணாடி மாதிரி இருந்துச்சு.

"ஒரு சால்டர் விட்டிருந்துச்சு அண்ணாச்சி. நான் சரியாப் பாக்கல. என் தப்புதான்"னாரு. அப்புறம், "உறையை இழுக்காதீங்க, ரெண்டு கையால தூக்கி எடுங்க"ன்னு மெதுவாச் சொன்னாரு.

நான் அந்தக் கடைசி வார்த்தையைக் காதுல வாங்கவே இல்ல. 'என் தப்புதான்' மட்டும் நல்லாக் கேட்டுச்சு. அந்த மனுஷனை நிக்க வச்சுக்கிட்டே கால் மணி நேரம் பேசினேன். தொழில்ல கவனம் வேணும், இன்னைக்கு நான் மன்னிச்சிருவேன், நாளைக்கு வேற ஒருத்தன் மன்னிப்பானா, அப்படி இப்படின்னு. அவரு, "சரி அண்ணாச்சி, சரி அண்ணாச்சி"ன்னு கேட்டுக்கிட்டாரு. காப்பி குடுத்தேன். பெரிய மனுஷன்ல நான்.

அடுத்த வாரம் கமிட்டி. மைக் வேலையை யாருக்குக் குடுக்கலாம்னு பேச்சு வந்துச்சு. எல்லாரும் என்னையத்தான் பாத்தாங்க. தம்பியைக் கூட்டிட்டு வந்தவன் நான்தானே. அப்ப நான் என்ன சொன்னேன்னா: "நல்ல பையன்தான். ஆனா என் வீட்டு வேலையிலயே சால்டரை விட்டுட்டான். நாலு பேரு முன்னால அவனே ஒத்துக்கிட்டான். சர்ச் வேலை, பண்டிகை அன்னைக்கு நின்னுபோச்சுன்னா யாரு பொறுப்பு?" ஃபோர்மேன், "ஆமா, நானும் இருந்தேன், அவன் வாயாலயே சொன்னான்"ன்னாரு. அஞ்சு நிமிஷம்கூட ஆகல. வேலை மதுரைக் கம்பெனிக்குப் போயிருச்சு. எல்லாரும் பன் சாப்பிட்டுட்டுக் கலைஞ்சோம்.

அதுக்குப் பொறவு ஒரு பத்து நாள். ஒரு சாயங்காலம் பாட்டுப் போட்டா பழைய குருடி கதவைத் திறடி. அதே வீக்கம். எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. "நல்லவேளை, சர்ச் வேலையைக் குடுக்கல, தப்பிச்சோம்"னு எம்பொண்டாட்டிகிட்டச் சொல்லிக்கிட்டே குச்சியை எல்லாம் ஏத்தி இறக்கினேன். எதுக்கும் மசியல. சீச்சீன்னு விட்டுட்டு உறையை மூடினேன். மூடினவுடனே, சரி, கடைசியா ஒரு தடவை பாப்போம்னு திரும்ப இழுத்தேன். இந்தத் தடவை உறை வரல. எங்கயோ மாட்டிக்கிட்டு நிக்குது.

குனிஞ்சு பாத்தேன். ஆம்பிளிஃபயர் முகப்புல, ஓரமா, அரிசி நீளத்துக்கு ஒரு சின்னக் குச்சி உண்டு. டேப் மானிட்டர்னு எழுதியிருக்கும். அது கீழ இருந்தாத்தான் பாட்டு ஈக்வலைசருக்குள்ள போயிட்டு ஸ்பீக்கருக்கு வரும். மேல இருந்தா ஈக்வலைசரைத் தொடாமலே நேரா ஸ்பீக்கருக்குப் போயிரும். ஆனா ஈக்வலைசருக்கும் பாட்டு போயிக்கிட்டுத்தான் இருக்கும், லைட்டும் ஆடிக்கிட்டுத்தான் இருக்கும். இது எனக்குத் தெரியாததா? பல வருஷமாத் தெரியும். காஸ் துணியில இருந்து ஒரு நூல் பிரிஞ்சு, அந்தக் குச்சியில சுருக்குப் போட்ட மாதிரி மாட்டியிருந்துச்சு. குச்சி ஏற்கெனவே மேலதான் நின்னுச்சு.

நான் தினமும் ஒரே இழுப்புல இழுக்கிற இழுப்புல, எங்க தறியில ஓடின துணிதான் அந்தக் குச்சியை மேல தூக்கி விட்டிருக்கு. ஒரு நாள் மாட்டும், ஒரு நாள் மாட்டாது. நான் அரை மணி நேரம் அந்தப் பத்துக் குச்சியையும் தள்ளினதெல்லாம் சுவிட்சு போடாத மிக்ஸியில மாவு ஆட்டின கதை.

விரலால அந்தக் குச்சியைக் கீழ தள்ளினேன். நான் ஏத்தி வச்சிருந்த குச்சி எல்லாம் ஒரே நேரத்துல வேலை செய்ய ஆரம்பிச்சுச்சு. தகரத்தைச் சிமெண்டுத் தரையில இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். எம்பொண்டாட்டி காதைப் பொத்திக்கிட்டு அடுப்படியில இருந்து ஓடி வந்தா. அன்னைக்கும் குச்சியை இப்படி ஏத்தி வச்சுக்கிட்டுத்தான் நான் "குரல் முன்னாடி வந்து நிக்குதா?"ன்னு கேட்டிருக்கேன். பாட்டை நிறுத்திட்டுச் சோபாவுல உக்காந்தேன். என்னாச்சுன்னு அவ கேட்டா. வயர் லூசுன்னு சொன்னேன்.

அப்பத்தான் ஒண்ணொண்ணா விளங்குச்சு. அன்னைக்குத் தம்பி பத்து விநாடியில கண்டுபிடிச்சிட்டாரு. அதனாலதான் துணியைப் பாத்தாரு, அதனாலதான் அப்படிக் கேட்டாரு. முதுகு மறைச்ச அந்த ஒரு நிமிஷத்துல குச்சியைக் கீழ தள்ளிட்டு, சும்மா ஒரு சால்டர் புகையைக் காட்டிட்டு, பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டாரு. எதுக்கு? நாலு பேரு முன்னால எனக்கு அசிங்கமாயிரக்கூடாதுன்னு. அந்த மரியாதையைத்தான் நான் சாட்சியா எடுத்துக்கிட்டுப் போயி, கமிட்டியில அவரு பிழைப்பை முடிச்சேன். அடச்சீ. நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் சாகலாம்போல இருந்துச்சு. அப்படித் தோணிச்சே ஒழிய, ராத்திரி தோசை நாலு சாப்பிட்டேன். அதையும் சொல்லத்தான வேணும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் எங்க வீட்டுல இருந்து பஸ்ல அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்துக்கு நான் பதினேழு நாள் எடுத்துக்கிட்டேன். இன்னைக்கு நூல் லோடு வருது, நாளைக்கு மழை, மறுநாள் ஒரு கேத வீடு. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயி, டீ குடிச்சிட்டுத் திரும்பி வந்துட்டேன்.

கடைசியா ஒரு மத்தியானம் போயிட்டேன். கடையில அவரும் இருந்தாரு, சம்சாரமும் மெஷின்ல உக்காந்திருந்துச்சு. "வாங்க அண்ணாச்சி, உக்காருங்க"ன்னு அவரு தன் ஸ்டூலை எடுத்துப் போட்டாரு. உக்காந்தேன். துணி மாட்டினதைச் சொன்னேன்.

"தெரியும் அண்ணாச்சி"ன்னு சிரிச்சாரு. "அன்னைக்கு எல்லாரும் இருந்தாவ. அது ஒரு சின்ன விஷயம், விடுங்க."

அவரு அப்படிச் சொன்னதும் எழுந்திரிச்சு ஓடி வந்திரலாமான்னு இருந்துச்சு. தலையைக் குனிஞ்சுக்கிட்டு, கமிட்டியில நான் பேசினதையும் சொன்னேன். அதை அவரு எதிர்பாக்கல. மூஞ்சி அப்படியே செத்துப்போச்சு. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாரு, வச்சாரு. தையல் மெஷின் நின்னுபோச்சு.

மெஷின்ல இருந்த அந்தப் பிள்ளைதான் பேசிச்சு. "அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் கேட்டேன் அண்ணாச்சி, நெசமாவே சால்டர் விட்டுருச்சான்னு. இல்லட்டி, அவிய மனசு நோகக்கூடாதுன்னு சொன்னேன்னாவ. நான் நம்பல. கைவேலையில தப்பு வந்துருச்சு, எங்கிட்டச் சமாளிக்காவன்னு நெனச்சேன். சர்ச் வேலை போனப்பவும், உங்க கவனக்கேடுதான்னு நாந்தான் இவியளைத் திட்டினேன். வன்னியம்பட்டியிலயும் இப்ப வேண்டாம்னுட்டாவ. இராஜபாளையத்துலயே வேண்டாம்னு சொன்ன ஆளாமேன்னு கேக்காவளாம்."

"ஏட்டி, செத்த சும்மாரு"ன்னாரு தம்பி.

"நீங்க சும்மாருங்க." அது என்னையப் பாத்துத் திரும்பிச்சு. "அந்த வேலை போனாப் போகுது அண்ணாச்சி. நீங்க எந்தக் கூட்டத்துல சொன்னியளோ, அந்தக் கூட்டத்துலயே போயி, தப்பு இவிய மேல இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. எங்களுக்கு அம்புட்டுத்தான் வேணும்."

"சொல்றேன்மா. கட்டாயம் சொல்றேன்"னேன். மனசாரத்தான் சொன்னேன். எம் போன் நம்பரை வாங்கி மெஷின் பக்கத்துல இருந்த காலண்டர்ல எழுதி வச்சுக்கிட்டுச்சு.

மறுவாரம் கமிட்டி. போற வழியெல்லாம் ஸ்கூட்டர்ல சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன். 'தப்பு அவரு மேல இல்ல, என் மேல. என் துணி மாட்டி சுவிட்சு மாறியிருக்கு. நான் தெரியாமப் பேசிட்டேன்.' மூணே வரி. சின்னப் பிள்ளைகூடச் சொல்லிரும். ஆனா அங்க போயி உக்காந்தா, ஃபோர்மேன் எதிர்ல உக்காந்திருக்காரு. கண்ணை மூடிக்கிட்டு, ஆகான்னு சொன்ன மனுஷன். நான் இதைச் சொன்னா அவரு மூஞ்சியும் போகும், என் காதும் போகும். இத்தனை வருஷமா ஊருல எத்தனை மைக்செட்டுக்காரனை என்னென்ன சொல்லியிருக்கேன். எல்லாரும் சிரிப்பாங்களே.

கூரை ஒழுகுறதைப் பேசினாங்க, பண்டிகைச் சாப்பாட்டைப் பேசினாங்க. வேற ஏதாவது உண்டான்னு போதகர் கேட்டாரு. எழுந்திரிச்சேன். தொண்டையைச் செருமினேன். வந்த வார்த்தை இதுதான்:

"அந்த ஸ்ரீவில்லிபுத்தூர்த் தம்பி விஷயம். நான் நேர்ல போயிப் பேசிட்டு வந்தேன். அவரு மேல எனக்கு இருந்த வருத்தமெல்லாம் தீந்துருச்சு. இனிமே அவரைப் பத்தி யாரும் தப்பாப் பேச வேண்டாம்."

சொல்லிட்டு உக்காந்துட்டேன். பொறவு ஒருத்தர், "இதுதான்யா பெரிய மனசு"ன்னாரு. ஃபோர்மேன் என் தோளைத் தட்டிக்குடுத்தாரு. போதகர், மன்னிக்கிற குணத்துக்கு நம்ம அண்ணாச்சி ஒரு உதாரணம்னு சொல்லி, அதை வச்சே ஜெபத்தை முடிச்சாரு. நான் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்பவாவது எழுந்திரிச்சு, ஐயா, நிறுத்துங்கன்னு சொல்லியிருக்கலாம். ஆமென்னு எல்லாரோடயும் சேந்து சொன்னேன்.

மறுநாள் காலையில ஷெட்டுல நிக்கும்போது போன் வந்துச்சு. தறிச் சத்தத்துல கேக்காதுன்னு வாசலுக்கு வந்தேன்.

"அண்ணாச்சி, நேத்துக் கூட்டத்துல சொல்லிட்டியளா?" அந்தப் பிள்ளைதான்.

"சொல்லிட்டேன்மா."

"தப்பு இவிய மேல இல்லன்னு?"

"ஆமாம்மா. சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் அழுகை மாதிரி ஒரு சத்தம். "நீங்க நல்லாருக்கணும் அண்ணாச்சி. ஒரு மாசமா இவிய மூஞ்சியில ஈயாடல. நான் சொல்லிருதேன், இப்பவே சொல்லிருதேன். நாளைக்கு வன்னியம்பட்டிக்குப் போயி, சந்தேகம்னா இராஜபாளையத்துலயே விசாரிச்சுக்கோங்கன்னு தைரியமாச் சொல்லச் சொல்லுதேன். சொல்லலாம்ல அண்ணாச்சி?"

"சொல்லச் சொல்லும்மா"ன்னேன்.